மூடியில் ஓர் ஊசித்துளை

மயிலாடுதுறைப் பக்கம் ஓர் ஊரில் ஒரு பழைய கியர் ஸ்கூட்டர் இருந்தது. அதன் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க். டேங்கின் தலையில் ஒரு மூடி. அந்த மூடியின் நட்டநடுவில் ஓர் ஊசித்துளை.

இது அந்த மூடியின் கதை. எஞ்சின் இருக்க, சக்கரம் இருக்க, போயும் போயும் மூடிக்கு ஒரு கதையா என்று கேட்பவர்கள் மூடி இல்லாமல் ஒரு நாள் வண்டி ஓட்டிப் பார்க்கலாம்.

மூடிக்கு அந்தத் துளை பெரிய மானக்கேடாக இருந்தது. மூடி என்று பெயர் வைத்தால் முழுசாக மூட வேண்டாமா? தன்னைச் செய்தவன் கைதவறிக் குத்திவிட்டான் என்றே அது நம்பியது. கூட இருந்தவர்களும் சும்மா விடவில்லை.

"என்ன ஓட்டை, சௌக்கியமா?" என்று ஸ்பார்க் பிளக் காலையில் முதல் வேலையாக விசாரிக்கும். பிளக்குக்கு வாய் கொஞ்சம் நீளம். நெருப்பு தன்னிடம்தான் பிறக்கிறது என்ற கொழுப்பு வேறு.

டேங்க் மட்டும் கேலி செய்யாது. பேச்சைக் குறைத்துக்கொண்டு, கேட்டபோதெல்லாம் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

வண்டியின் சொந்தக்காரர் தெய்வசிகாமணி, கடைத்தெருவில் சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருந்தார். மெக்கானிக் வாசலை அந்த வண்டி மிதித்ததே இல்லை. "நம்ம வண்டிக்கு நாமதான் டாக்டர்" என்பார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவார். பிளக்கை உப்புத்தாளால் தேய்ப்பார். கார்புரேட்டரைக் கழற்றி ஊதுவார். கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விடுவார். கை நல்ல கை, அதில் குறை சொல்ல முடியாது. காதுதான் கொஞ்சம் மட்டம். அடுத்தவர் சொன்னால் மட்டும் அதற்குக் கேட்காது.

அவர் மனைவி புனிதவதி பின்சீட்டில் இருந்து, "என்னங்க, ஏதோ ஒரு சத்தம்..." என்று ஆரம்பித்தால் போதும். "எனக்குத் தெரியும்" என்று முடித்துவிடுவார். அந்த அம்மாளும் எத்தனை நாள்தான் ஆரம்பிப்பாள்? வாயை மூடிக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சீட்டில் இருந்த கிழிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி மூடியின்மேல் தேங்கியது. தெய்வசிகாமணி சீட்டைத் தூக்கிப் பார்த்தார். மூடியில் இருந்த துளை கண்ணில் பட்டது.

"அட, இங்க ஒரு ஓட்டையா! தண்ணி உள்ள போனா என்னத்துக்கு ஆகும்?" என்று கடையில் கொடுக்கிற பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்து, நன்றாக மடித்து, டேங்கின் வாயில் வைத்து, அதன்மேல் மூடியை அழுத்தித் திருகினார். காற்றுகூட நுழைய முடியாது. அவருக்கே தன் வேலை பிடித்துப்போனது.

மூடிக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே எவனாவது ஓட்டைன்னு சொல்லுங்க, பாக்கலாம்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டது. அன்று முழுக்க மூடி ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

மறுநாள் வண்டி ரயில்வே கேட் வரை போய் நின்றுவிட்டது.

தெய்வசிகாமணி இறங்கினார். முதலில் டேங்கைத் திறந்து பார்த்தார். பெட்ரோல் தளும்பிக்கொண்டிருந்தது. பழையபடி பையை வைத்து மூடிவிட்டு வண்டியைச் சாய்த்து நிமிர்த்தினார். பிளக்கைக் கழற்றித் தேய்த்து மாட்டினார். ஓர் உதை. கிளம்பிவிட்டது.

"பிளக்தான். எனக்குத் தெரியும்" என்றார்.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நின்றது. மறுபடி டேங்கைப் பார்த்து, பிளக்கைத் தேய்த்து, உதைத்ததும் கிளம்பியது. இதுவே தினமும் நடக்க ஆரம்பித்தது. பிளக்கின் ஆட்டம் தாங்க முடியவில்லை. "என்னைத் தடவிக் குடுத்தாத்தான் இந்த வண்டியே ஓடுது, பாத்துக்குங்க."

"தடவல் இருக்கட்டும், எனக்குப் பெட்ரோல் எங்க?" என்று கார்புரேட்டர் கத்தியது. "நான் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கறேன். மேல இருக்கறவன் கஞ்சனாயிட்டான்."

"கஞ்சனா? நானா?" டேங்குக்கு அழுகையே வந்துவிட்டது. "வயிறு நெறைய வச்சிருக்கேன். குடுக்கணும்னுதான் பாக்கறேன். இறங்க மாட்டேங்குது. உள்ளுக்குள்ள என்னமோ புடிச்சு இழுக்குது."

மூடிக்கும் அந்த இழுப்பு தெரிந்தது. தன்னை யாரோ கீழே இழுத்துக் கட்டிப்பிடிப்பது போல இருந்தது. தன்மேல் எல்லோருக்கும் திடீரென்று வந்த மரியாதை என்று நினைத்துக்கொண்டு அதுவும் இறுக்கிப் பிடித்தது.

ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போகும் வழியில் வண்டி ஊர் பார்க்க நின்று, பந்தி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார்கள். "டாக்டர் வண்டி என்ன, ஐசியூவில் இருக்கா?" என்று மைத்துனன் சிரித்தான். தெய்வசிகாமணிக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது.

"போதும் புனிதா. என் கைக்கே அடங்காத வண்டி எனக்கு எதுக்கு? நாளைக்கே பைபாஸ் ரோட்டு இரும்புக்கடையில போட்டுடறேன்."

"எம் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போனதே இந்த வண்டியிலதான்" என்றாள் புனிதவதி. பிறகு, "கடைசியா ஒரு தடவ நானும் உக்காந்து வரேன்" என்றாள்.

வண்டிக்குள் ஒரே பீதி. "உருக்கிடுவாங்களாம்" என்றது ஹாரன், சத்தமே வராமல்.

மூடி டேங்கிடம் மெதுவாகக் கேட்டது. "அண்ணே, அவர் என்னைத் திறக்கறப்பல்லாம் நீங்க ஒரு பெருமூச்சு விடறீங்களே, அது ஏன்?"

"அப்பத்தானே காத்து வருது" என்றது டேங்க். "நான் ஒரு சொட்டு கீழ குடுத்தா, அந்த எடத்துக்கு ஒரு வாய் காத்து மேலேருந்து வரணும். உள்ள ஒண்ணும் விடாம குடு குடுன்னா நான் எங்கேருந்து குடுப்பேன்?"

"முன்னாடி எப்படி வந்துது?"

டேங்க் தயங்கியது. "உன் வழியாத்தான். அந்தத் துளை வழியா. இப்ப நீ எவ்வளவு சந்தோஷமா இருக்கே, அதைக் கெடுப்பானேன்னு சொல்லல."

"அப்ப அது ஓட்டை இல்லையா?" என்று கேட்டது மூடி.

"எனக்கு இருந்த ஒரே ஜன்னல் அதுதான்."

"அப்ப என்னைத் தேய்ச்சதெல்லாம்?" என்று பிளக் இடையில் புகுந்தது.

"உன்னைத் தேய்க்கறதுக்கு முன்னாடி என்னைத் திறந்து பாக்கறாருல்ல? அதுல வந்த உயிருப்பா அது."

மூடி வெட்கப்பட்டது. துளைக்காக இத்தனை நாள் வெட்கப்பட்டது. இப்போது அதை அடைத்துக்கொண்டு ஆடியதற்காக வெட்கப்பட்டது. "நாளைக்குத் திறக்கட்டும்" என்றது. "அப்புறம் அந்தப் பையை வச்சுக்கிட்டு என்னைத் திருகட்டும், பாக்கறேன்."

மறுநாள் இருவரும் கிளம்பினார்கள். தூறல் போட்டது. வாய்க்கால் பாலத்தில் வண்டி வழக்கம்போல் நின்றது. தெய்வசிகாமணி அலுப்புடன் சீட்டைத் தூக்கி மூடியைத் திறந்தார். டேங்க் 'ஸ்ஸ்' என்று நீளமாக மூச்சை இழுத்தது. பெட்ரோல் இருந்தது. பையை மடித்து வைத்து மூடியைத் திருகினார்.

மூடி பிடிக்கவில்லை. கோணிக்கொண்டது. பையைச் சுருட்டித் தள்ளியது. மறுபடி வைத்தார். வழுக்கிக்கொண்டு அவர் காலடியில் போய் விழுந்தது.

"சனியன், இன்னிக்குன்னு பாத்து மூடிகூட மல்லுக்கட்டுது."

"என்னங்க..." என்றாள் புனிதவதி.

"எனக்குத்..." என்று தொடங்கிய தெய்வசிகாமணி அதோடு நிறுத்திவிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது அவருக்கே தெரிந்துவிட்டது. எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சொல்லு" என்றார்.

அவள் அந்த வார்த்தையை எதிர்பார்க்கவே இல்லை. தடுமாறித்தான் சொன்னாள். "நீங்க மூடியத் தொறக்கறப்பல்லாம் வண்டி மூச்சு வாங்குது. காதுல கேக்குது. இந்தப் பைய வச்ச நாள்லேருந்துதான் நிக்குது. மூக்கப் பொத்திக்கிட்டு ஓடு ஓடுன்னா எப்படிங்க ஓடும்?"

அவர் மூடியைப் பொறுக்கி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். துளை வழியாக ஒரு புள்ளி வானம் தெரிந்தது. பையை எடுத்து உதறிவிட்டு, மூடியைத் துடைத்து வெறுமனே வைத்துத் திருகினார். அது சமர்த்தாகப் போய் உட்கார்ந்தது. பையைச் சீட்டின் கிழிசல்மேல் விரித்து, "இதும்மேல உக்காரு, தண்ணி எறங்காது" என்றார்.

பிளக்கைத் தொடவே இல்லை. ஓர் உதை. வண்டி கிளம்பியது. பிளக்குக்குக் கொஞ்சம் கோபம்தான், ஆனாலும் நெருப்பைக் குறைக்கவில்லை. டேங்க் கொடுக்கக் கொடுக்க மூடி காற்றை உள்ளே விட்டுக்கொண்டே இருந்தது. கார்புரேட்டர் வயிறாரக் குடித்தது. பைபாஸ் ரோடு வந்தது. இரும்புக்கடைக்காரர் வாசலில் நின்று கையைத் தூக்கினார். வண்டி அவரைத் தாண்டிப் போயிற்று.

"என்னங்க, கடை போயிடுச்சு."

தெய்வசிகாமணி திரும்பிப் பார்க்கவில்லை. கியரை மாற்றிக்கொண்டே, "வண்டியில வேற ஏதாச்சும் சத்தம் கேக்குதா ஒனக்கு?" என்றார்.

புனிதவதி சொல்ல ஆரம்பித்தாள். சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்த பிறகும், வாசலில் எஞ்சினை அணைக்காமல் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.