கட்டிய கைகள்

திலகவதி டீச்சருக்கு வயிறு எரிந்தது. சும்மா இல்லை, பற்றிக்கொண்டு எரிந்தது. பதினோரு வருஷமாக இரண்டாம் வகுப்பு 'அ' பிரிவுக்கு நீதிபோதனை நடத்துகிறவர் அவர். மூன்று மதப் பிரார்த்தனைகளையும் அவருடைய பிள்ளைகள் பிசிறில்லாமல் ஒப்பிப்பார்கள். நீதிபோதனைக்குக் கையைக் கட்டி உட்கார்ந்தால் மணி அடிக்கும்வரை அவிழ்க்க மாட்டார்கள். அவிழ்த்தால் டீச்சரின் முகம் எப்படி மாறும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஜூனில் 'ஆ' பிரிவுக்குப் புதிதாக வந்த ஷமீமாவோ பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்கார வைத்துப் பேசவிட்டாள். அந்த வகுப்பின் சிரிப்பு சுவரைத் தாண்டி வந்தது. போதாததற்கு, திலகவதியின் பிள்ளைகளே இடைவேளையில் ஷமீமாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு திரிந்தார்கள். அதை எப்படிப் பொறுப்பது?

"வர்ற வருஷம் ரெண்டு பிரிவுக்கும் நீதிபோதனை ஒரே டீச்சர்தான்" என்றார் தலைமையாசிரியை கோமளவல்லி. அந்த வாரப் பாடம் 'பொறாமை கொள்ளாதே'. அது யார் என்று முடிவு செய்ய, வெள்ளிக்கிழமை நீதிபோதனை நேரத்தில் இருவரையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வகுப்பாகப் போனார். "பொறாமை இருக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்று கேட்டார்.

'அ' பிரிவில் ஒரு கைகூட எழவில்லை. திலகவதிக்கு உச்சி குளிர்ந்தது. 'ஆ' பிரிவில் பாதிக் கைகள் எழுந்தன.

"அஸ்மிதாவோட பென்சில் டப்பா மேல எனக்குப் பொறாமை மேடம். ஆனா அவ ரப்பர் கேட்டா குடுத்துடுவேன்" என்றாள் ஒரு பொடிசு.

கோமளவல்லி சட்டென்று திரும்பினார். "சரி, உங்க ரெண்டு பேர்ல யாருக்குப் பொறாமை?"

"எனக்கு யார் மேல மேடம் பொறாமை?" என்று விழித்தாள் ஷமீமா. திலகவதி குனிந்து பார்த்தார். அவர் கைகளும் கட்டியே இருந்தன. மெல்ல அவிழ்த்து, வலக்கையைத் தூக்கினார்.

"எனக்கு இருக்கு மேடம். இந்த ஷமீமா மேலதான்."

இனி நீங்கள் சொல்லுங்கள். ஒருவரின் வகுப்பில் பொறாமையே தலைகாட்டவில்லை. அவரும் உண்மையை ஒளிக்கவில்லை. இன்னொருத்தியின் வகுப்பில் பாதிப் பேருக்குப் பொறாமை. அவளுக்கோ துளியும் இல்லை. நீதிபோதனை யாருக்குப் போக வேண்டும்?

விடை: ஷமீமாவுக்குத்தான். 'அ' பிரிவில் கை எழாதது பொறாமை இல்லாததால் அல்ல, கையை அவிழ்க்கப் பயந்ததால். ஷமீமாவின் பிள்ளைகளோ ஓரமாக நின்ற ஐம்பது வயது திலகவதியின் கையையே அவிழ்த்துவிட்டார்கள். கோமளவல்லியின் தீர்ப்பும் அதுவே என்று கேட்டதும் திலகவதிக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. திங்கட்கிழமை 'ஆ' பிரிவின் வட்டத்தில் போய் உட்கார்ந்தார்; யாரும் கேட்பதற்கு முன்பே கையைத் தூக்கினார்.