உப்பை விரட்டிய வைத்தியர்

மணற்கோட்டையை ஆண்ட கோனேரி ராயருக்கு ஒரு நாள் யானைமேல் ஏற முடியவில்லை. காலைத் தூக்கினார், தலை சுற்றியது, பாகன் மேலேயே சாய்ந்தார். உடம்பு இளைத்தது. மேனி வரவரக் கறுத்தது. அரசருக்கு நோய் என்று வாய் திறப்பது அந்தச் சபையில் ராஜத்துரோகம். ஆகவே புலவர்கள் “கார்மேக வண்ணரே!” என்று பாடிப் பரிசு வாங்கிக்கொண்டார்கள்.

அரசருக்கோ உப்பின்மேல் ஒரே ஆசை. ஊறுகாய் ஜாடிக்குள் விட்ட கையை வெளியே எடுக்கவே மாட்டார். அதைப் பார்த்த அரண்மனை வைத்தியர் ஏகாம்பரப் பண்டிதர் துள்ளிக் குதித்தார்.

“கண்டுபிடித்துவிட்டேன்! நோயே உப்புதான். இனி உப்பில்லாப் பத்தியம். வேளைக்கு வேளை இளநீர், வாழைப்பழம். மீறி உப்பு கொடுப்பவன் தலை உருளட்டும்!”

ஆணை பிறந்தது. சபையார் உப்பில்லாச் சோற்றைத் தின்றுவிட்டு “அமிர்தம்!” என்றார்கள். அரசர் மட்டும் துவண்டு படுக்கையில் கிடந்தார். இப்படியே போனால் அரசர் பிழைக்க மாட்டார் என்று அரசவை விகடகவி மாசிலாமணிக்குப் புரிந்துவிட்டது. உப்பைக் கொடுத்தாலோ மாசிலாமணி பிழைக்க மாட்டார்.

கோட்டையில் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் கூட்டி அள்ளியதெல்லாம் வண்டி வண்டியாக வடக்கு வாசலுக்கு வரும். காவலர்கள் அதைக் கிளறி, தவறி வந்த உப்பு மூட்டைகளை உள்ளே திருப்பி அனுப்புவார்கள். அடுப்புச் சாம்பலை வெளியே தள்ளுவார்கள். மேல்மாடத்திலிருந்து வாசல் தலைவர் கொம்பு ஊதி ஏவினால்தான் இந்த வேலை நடக்கும். மாசிலாமணி அந்தத் தலைவருக்கு நெய் வழிய வழிய ஒரு விருந்து வைத்தார். மனிதர் இலைக்குப் பக்கத்திலேயே படுத்துவிட்டார்.

கொம்பு ஊத ஆளில்லை. காவலர்கள் கைகட்டி நின்றார்கள். கிளறாத குப்பையோடு உப்பு வெளியே போயிற்று. தள்ளாத சாம்பல் ஊருக்குள் தங்கி, காற்றில் ஏறி அரண்மனைவரை வந்தது. அரசர் தும்மிக்கொண்டே பல்லக்கில் வாசலுக்கு வந்தார்.

“காவலர்களுக்கு என்ன கேடு?”

“ஒரு கேடும் இல்லை மகாராஜா” என்றார் அங்கே நின்ற மாசிலாமணி. “ மேலே இருப்பவர் குறட்டை விடுகிறார், அவ்வளவுதான். தங்கள் உடம்பிலும் இதே கதைதான். சிறுநீரகம்தான் வாசல். அதன் உச்சியில் குல்லாய் மாதிரி ஒரு குட்டிச் சுரப்பி. அது ஏவினால்தான் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கும், சாம்பல் சத்தை வெளியே தள்ளும். தங்களுக்கு அது படுத்துவிட்டது.”

அந்த ஏவலைத்தான் இன்றைய டாக்டர்கள் ஆல்டோஸ்டிரோன் என்கிறார்கள். உப்பில் இருப்பது சோடியம், சாம்பல் சத்து பொட்டாசியம். இதெல்லாம் மாசிலாமணிக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஆட்டுக்கறியை அவர் அவ்வளவு ஆராய்ந்து தின்பார்!

“அப்படியானால் பண்டிதரின் பத்தியம்?” என்றார் அரசர்.

“போகிற உப்பு போதாதென்று, வருகிற உப்பையும் நிறுத்தினார். தேங்கிய சாம்பல் போதாதென்று மேலும் கொட்டினார். இளநீரிலும் வாழைப்பழத்திலும் அந்தச் சத்துதானே நிறைய! உப்புப் போட்ட கஞ்சி குடியுங்கள். கூடவே அதிமதுரக் கஷாயம். படுத்துவிட்டவருக்கு அது பதிலாள் மாதிரி. தேறாவிட்டால் என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்.”

அரசர் குடித்தார். தேறினார். ஒரு நாள் யாரும் கை கொடுக்காமலே யானைமேல் ஏறி உட்கார்ந்தார். கறுப்பு மட்டும் போகவில்லை. புலவர்களுக்கு அதனால் நஷ்டமில்லை.

பண்டிதருக்குத்தான் பொறுக்கவில்லை. சபை நடுவே எழுந்தார்.

“அபாண்டம்! அரசரோடு நானும் அதே பத்தியம் இருந்தேன். அதே சோறு, அதே இளநீர். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே!”

சபை மாசிலாமணியைப் பார்த்தது.

“எப்படி ஆகும் பண்டிதரே? அரசருக்குப் பழுது சிறுநீரகத்துக்கு மேலே. உமக்குக் கழுத்துக்கு மேலே!”