மூன்றாம் நாற்காலியில் கிடந்த துண்டு

பாபநாசம் தென்காசி வண்டியில் முப்பத்தோரு வருடம் கண்டக்டராக இருந்த சங்கிலிபூதத்தான், ஓய்வு பெற்ற மறுமாதம் ஒரு குருவைத் தேடிப் போனார். குருவுக்கு வயது முப்பத்தாறு. பெயர் ஜெபக்கனி. பேருந்து நிலையத்துக்கு எதிரே நாலு கம்ப்யூட்டர் போட்டு, வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும்.

செய்து கொடுங்கள் என்று கேட்டு வந்தவர்கள் ஆயிரம் பேர். சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டவர் சங்கிலி ஒருவர்தான். அதனால் டீச்சர் அவரைச் சிஷ்யராகச் சேர்த்துக்கொண்டார். நிபந்தனை ஒன்றே ஒன்று. சங்கிலி உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரை டீச்சர் தொடமாட்டார்.

அந்த வாரம் சங்கிலிக்கு வேலை ஒன்று வந்தது. மகள் சிவகாமி நர்சிங் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். அவளுடைய விண்ணப்பக் கணக்கில், அவசரத்துக்கு உதவிய பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் வாத்தியார் தன்னுடைய மின்னஞ்சலையே முதன்மை முகவரியாகப் போட்டுவிட்டிருந்தார். வாத்தியார் இப்போது மஸ்கட்டில். அவருடைய பழைய போன் எண்ணில் யாரோ ஒரு ஆட்டு வியாபாரி பேசினார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, இடம் கிடைத்த பிள்ளைகளுக்கு முதன்மை முகவரிக்குக் கடிதம் வரும். இரண்டு நாளுக்குள் அதைத் திறந்து சம்மதம் சொல்லாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

"மாத்தாம எழுந்திருக்க மாட்டேன்" என்று திங்கட்கிழமை மூன்றாம் நாற்காலியில் உட்கார்ந்தார் சங்கிலி.

புது முகவரி ஒன்றைத் தன் போனிலேயே உண்டாக்கிக்கொண்டார். அன்று முழுக்கக் கணக்குக்கு உள்ளே போகும் வழி தெரியாமல் அலைந்தார். செவ்வாய்க்கிழமை வழி தெரிந்தது. முகவரி தப்பு என்றது கம்ப்யூட்டர். கடைசி எழுத்துக்குப் பின்னால் வெற்றிடம் ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிக்க மாலை ஆகிவிட்டது. புதன்கிழமை அதையும் தட்டி உதிர்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார். சிவப்பில் ஒரு வரி வந்தது.

'இந்த முகவரி ஏற்கெனவே வேறொரு கணக்கில் உள்ளது.'

சங்கிலி பதினேழு தடவை அழுத்தினார். வரி அசையவில்லை.

திங்கட்கிழமை முதல் செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லும்படி டீச்சர் கேட்டார். சங்கிலிக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு நடைக்கு எத்தனை பேர் ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள் என்று பத்து வருடம் கழித்துக் கேட்டாலும் சொல்கிற ஆள் அவர். எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பித்தார். டீச்சர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

பிறகு, புது முகவரியைப் போட்டு 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்பதை அழுத்திப் பார்க்கும்படி சொன்னார்.

"திருட்டுப்பய வீட்டுக் கதவை நான் போய்த் தட்டணுமா டீச்சர்? எம்பிள்ளைக்குன்னு உண்டாக்குன முகவரியை எவனோ எடுத்து வச்சிருக்கான். அவனைக் கம்பி எண்ண வைக்காம விடமாட்டேன்."

டீச்சர் அடுத்த ஆளின் விண்ணப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை முழுக்கச் சங்கிலி திருடனைத் தேடினார். செல்போன் கடைக்காரனை முறைத்தார். பக்கத்துத் தெருவில் புதிதாகக் குடிவந்தவனை மோப்பம் பிடித்தார். அன்று ராத்திரி மூன்று பக்கத்துக்குப் புகார் மனு எழுதினார். எதிரியின் பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு கோடு போட்டுவைத்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் கடைக்கு வந்தார். பூட்டியிருந்தது. ஜன்னல் கம்பி வழியே பார்த்தார். அப்போது அவர் கை ஒரு காரியம் செய்தது. அந்தக் கை அவரைக் கேட்டுக்கொண்டு செய்கிற கை இல்லை. செய்துவிட்டு அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டது. சங்கிலி மனுவை எடுத்துக்கொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார்.

அங்கே ஐந்து மணி நேரம் உட்காரவைத்தார்கள். எழுத்தர் மூன்று பக்கத்தையும் பொறுமையாகப் படித்துவிட்டு, பெயர் இல்லாத எதிரியை எந்த ஊரில் போய்ப் பிடிப்பது என்று கேட்டார். பெயரைக் கண்டுபிடித்து அந்தக் கோட்டின் மேல் எழுதிக் கொண்டுவரும்படி சொல்லித் திருப்பியனுப்பினார்.

சங்கிலி கடைக்குத் திரும்பும்போது மணி பன்னிரண்டு. நாலு நாற்காலியில் மூன்றில் ஆள். மூன்றாம் நாற்காலியில் ஒரு வெள்ளைத் துண்டு.

சங்கிலி நின்றுவிட்டார்.

துண்டு விஷயத்தில் அவர் நியாயம் ஏழு தாலுகாவுக்கும் தெரியும். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டவனுக்குத்தான் இடம். ஒருமுறை துண்டு போட்ட ஆள் ஏறாமலே போய்விட, அந்தத் துண்டு பாபநாசத்திலிருந்து தென்காசி வரை ஜன்னலோரம் உட்கார்ந்து போனது. பக்கத்தில் தாசில்தார் நின்றுகொண்டே வந்தார். அந்தத் துண்டுக்குச் சங்கிலி டிக்கெட் கிழித்தார் என்றும், அது வழியில் கடையத்தில் இறங்கி டீ குடித்தது என்றும் சொல்வார்கள். டீ குடித்தது மட்டும் பொய்.

ஒரு கல்லூரிப் பையன் வந்து துண்டைத் தள்ளிவிட்டு உட்காரப் பார்த்தான்.

"ஏலே, துண்டு கிடக்கது கண்ணுக்குத் தெரியலையா?"

பையன் ஒதுங்கி நின்றான். சங்கிலியும் நின்றார். மணி ஒன்று. ஒன்றரை. ஐந்து மணிக்குக் கடிதம். நெற்றி வியர்வையைத் துடைக்கத் தோளுக்குப் போன கை வெறும் தோளைத் தடவிவிட்டு, சட்டைக் கையில் துடைத்துக்கொண்டது. டீச்சர் அதைப் பார்த்தார்.

இரண்டு மணிக்குச் சங்கிலிக்குப் பொறுக்கவில்லை.

"எவன் டீச்சர் இவன்? இடத்தைப் பிடிச்சுப் போட்டுட்டு ஆளையே காணோம். உட்காரவும் மாட்டான், விடவும் மாட்டான். வரட்டும், நாக்கைப் பிடுங்குற மாதிரி நாலு கேக்கேன்."

டீச்சர் எழுந்து வந்தார். துண்டை எடுத்துச் சங்கிலியின் கையில் கொடுத்தார்.

"வேர்த்து ஊத்துது. துடைச்சுக்கிட்டுக் கேளுங்க."

சங்கிலி துண்டை முகத்துக்குக் கொண்டுபோனார். பாதி வழியில் கை நின்றது. துண்டின் நுனியில் ஒரு முடிச்சு. முடிச்சுக்குள் அவர் வீட்டுச் சாவி.

கல்லூரிப் பையன் சிரித்தான். டீச்சர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

சங்கிலி சாவியை அவிழ்க்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சிவப்பு வரியை வரவழைத்து, அதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு யாரையும் கேட்காமல், புது முகவரியைத் தட்டி, 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்பதை அழுத்தினார்.

அவர் சட்டைப்பையில் போன் ஒலித்தது.

திருடனுக்குப் போன கடிதம் அது. அதில் இருந்த இணைப்பைத் தொட்டார். ஒரு கணக்கு திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. படம் இல்லை, மதிப்பெண் இல்லை. மேலே பெயர் மட்டும் இருந்தது. சங்கிலிபூதத்தான். தொடங்கிய நாள் திங்கட்கிழமை, காலை பத்தேகால்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. முதல் நாள் வழி தெரியாமல் அலைந்தபோது, 'புதிய கணக்கு' என்று இருந்ததை அழுத்தி, கேட்டதையெல்லாம் நிரப்பியிருந்தார். இது நாம் வந்த இடம் இல்லை என்று தெரிந்ததும் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினார். அதை அழுத்தினால் செய்ததெல்லாம் இல்லையென்று ஆகிவிடும் என்பது அவர் எண்ணம்.

கணக்கை நீக்கும் இடத்தைத் தானே தேடினார். அமைப்புகள் என்பதற்குள் அடி ஆழத்தில் இருந்தது. நிச்சயமாகவா, திரும்பப் பெற முடியாதே என்று கம்ப்யூட்டர் கேட்டது. நிச்சயமாகத்தான் என்று அழுத்தினார். பிறகு மகளின் கணக்குக்குப் போய் முகவரியை மாற்றினார். உறுதி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. உறுதி செய்தார். சிவப்பு வரி இருந்த இடத்தில் பச்சையில் ஒரு வரி வந்தபோது மணி மூன்றே கால்.

எழுந்திருக்கவில்லை. ஐந்து அடித்து நாலு நிமிடத்தில் போன் மறுபடி ஒலித்தது. திருநெல்வேலியில் இடம். சங்கிலி கடிதத்தை இரண்டு தரம் படித்தார். சிவகாமியைப் போனில் கூப்பிட்டு, அவள் சரி என்று சொன்ன பிறகு, சம்மதம் என்ற பொத்தானை ஒற்றை விரலால் அழுத்தினார். அந்த விரலை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

பிறகு பையிலிருந்து மூன்று பக்க மனுவை எடுத்து, டீச்சரின் மேஜை மேல் வைத்தார்.

"இதை என்ன செய்ய டீச்சர்?"

டீச்சர் முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்தார். எதிரியின் பெயருக்காக விட்டிருந்த கோடு வந்ததும் நிறுத்தினார். மேஜையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி நீட்டினார்.

"இவ்வளவு தூரம் தேடியிருக்கீங்க. பேரை எழுதி ஸ்டேஷன்ல குடுத்துட்டே வந்துருங்க அண்ணாச்சி. துண்டு இங்க கிடக்கட்டும். நீங்க வர்ற வரைக்கும் யாரும் உட்கார மாட்டாங்க."