கட்டி வைத்த பாய்க்கயிறு

நம்புசெல்வத்துக்கு ஐம்பத்தெட்டு வயசு. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட தோணிச்சாமிக்கு நாற்பத்தாறுதான். இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் ஊரில் கிடையாது. "மீசை நரைச்சவன் போயி மீசை கறுத்தவன் கால்ல விழுறான் பாரு" என்பார்கள். விழுந்தால் என்ன? தாகம் எடுத்தவன் கிணற்றுக்கு வயசா கேட்பான்?

தோணிச்சாமி முன்பு சரக்குத் தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்திக்கொண்டு போகிறவராக, இருந்தவர். ஒருநாள் தோணியை விட்டு இறங்கினார். வடகடல் ஓரத்தில் வைரவர் கோயிலுக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டார். உபதேசம் என்று எதுவும் செய்வதில்லை. யார் போனாலும் முதலில் ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி கொடுப்பார்.

அன்று காலை நம்புசெல்வம் காப்பியைக் கையில் வாங்கவில்லை.

"சாமி, சந்தியாகு இன்னைக்கு மத்தியான பஸ்ஸுல போறான். திண்டுக்கல்லுக்கு, மக வீட்டுக்கு. இனிமே வர மாட்டானாம்."

"தெரியும்ணே."

"அவன் போறதுக்குள்ள எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். நான் செஞ்ச தப்பு என்ன?"

சாமி அந்தக் காப்பியைத் தானே குடிக்க ஆரம்பித்தார்.

நடந்த கதை ஊருக்கே தெரியும். நம்புசெல்வமும் சந்தியாகுவும் வாலிபத்தில் ஒரே வத்தையில், அதாவது சின்னப் பாய்மரப் படகில், பாய் பிடித்தவர்கள். ஒருவர் வீட்டுச் சோற்றில் மற்றவர் கை வைத்துத் தின்றவர்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் நம்புசெல்வம் இன்ஜின் படகு வாங்கினார். சந்தியாகு பாய் வத்தையோடு நின்றுகொண்டார். "பொறாமையில முகம் கொடுக்க மாட்டான் பாரு" என்று சில பேர் காத்திருந்தார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

அந்தக் கடலில் ஒரு வழக்கம் உண்டு. இன்ஜின் படகு பாய் வத்தையைக் கடந்து போகும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். கடக்கிறவன் முதலில் கை தூக்க வேண்டும். வத்தைக்காரன் பதிலுக்குத் தூக்க வேண்டும். தூக்காவிட்டால் மனசில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அதை வைத்தே பேச்சு வார்த்தை அறுந்துபோன சம்பந்திகள்கூட அந்த ஊரில் இருக்கிறார்கள்.

இரண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு காலை, நம்புசெல்வம் சந்தியாகுவின் வத்தையைக் கடந்தார். வேகத்தைக் குறைத்தார். கை தூக்கினார். எதிரே யாரோ விரித்த வலை மிதந்ததால் உடனே முன்னால் திரும்பிக்கொண்டார். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பியபோது வத்தை கவிழ்ந்து கிடந்தது.

சந்தியாகுவின் இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. பாய்க்கயிற்றை வத்தையின் முளைக்கட்டையில் சுற்றிக் கட்டி வைத்திருந்திருக்கிறார். வத்தை சாய்ந்ததும் அவிழ்க்கப் போயிருக்கிறார். விறைத்த கயிறு விரல்களைக் கட்டையோடு சேர்த்து நசுக்கிவிட்டது.

பாய்க்கயிற்றைக் கட்டி வைப்பதா! கடலுக்குப் புதிதாக வருகிறவனுக்கு முதல் நாளே மண்டையில் குட்டிச் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. கயிறு கையில்தான் இருக்க வேண்டும். வத்தை சாய்ந்தால் கையை விட வேண்டும், பாயில் நிறைந்த காற்று வெளியேறி வத்தை நிமிர்ந்துவிடும். சந்தியாகு கட்டி வைத்தார் என்றதும் ஊர் வாய் சும்மா இருக்குமா? "ஆளுக்குக் கை தளர்ந்துபோச்சு, இனிமே கரையில உக்கார வேண்டியதுதான்" என்றது.

"நான் வேகத்தைக் குறைச்சேன் சாமி" என்றார் நம்புசெல்வம்.

"சரி."

"கையும் தூக்கினேன்."

"சரி."

"ஆஸ்பத்திரிக்கும் நான்தான் தூக்கிட்டு ஓடினேன். மூணு தடவை வீட்டுக்குப் போயி, மன்னிச்சுக்கடான்னு கேட்டேன். ஒண்ணுமில்ல போடாங்கிறான். ஒண்ணுமில்லன்னா எதுக்கு ஊரை விட்டுப் போறான்?"

"டீக்கடையில என்ன சொன்னீங்க?"

நம்புசெல்வத்துக்கு முகம் சுண்டிப்போனது.

"கயித்தைக் கட்டி வச்சுட்டு ஓட்டினா கடவுளே வந்தாலும் காப்பாத்த முடியாதுன்னு சொன்னேன். எல்லாரும் என்னையே பார்த்தாங்க சாமி. வேற என்ன சொல்ல? உள்ளதைத்தானே சொன்னேன்?"

"முப்பத்தஞ்சு வருஷம் பாய் பிடிச்ச மனுஷன் எதுக்குக் கட்டினார்?"

"அதுதான் தெரியல. கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறான்."

சாமி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"என் வத்தையை எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே. உங்க படகை நான் எடுத்துட்டு வர்றேன்."

"இப்பவா? அவன் பஸ் ஏறிருவானே சாமி."

"நேரம் இருக்கு. பாயை ஏத்துங்க."

குரு சொன்னால் மறுப்பேது? உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டே நம்புசெல்வம் வத்தையைத் தள்ளினார். கிழக்கேயிருந்து கொண்டல் காற்று நன்றாகவே அடித்தது. வலது கையில் சுக்கான், இடது கையில் பாய்க்கயிறு. இருபது வருஷத்துக்குப் பிறகும் கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும், வந்த காரியத்தைக்கூட மறந்து மனசு லேசாகிவிட்டது.

பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டது. சாமி நம்புசெல்வத்தின் படகை முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார். வத்தைக்குப் பக்கத்தில், இரண்டு ஆள் நீளத்துக்கு வந்த பிறகு வேகத்தைக் குறைத்தார். இன்ஜின் சாதுவாக முனகியது. சாமி பல் தெரியச் சிரித்துக் கை தூக்கினார்.

இன்ஜின்தான் அடங்கியது. அதுவரை ஓடிவந்த ஓட்டத்தில் எழும்பிய அலை அடங்கவில்லை. அது தன் பாட்டுக்கு வந்து வத்தையைப் பக்கவாட்டில் அறைந்தது.

வத்தை சாய்ந்தது. கயிற்றை விட வேண்டும் என்று நம்புசெல்வத்துக்குத் தெரியும். விடப் போனார். கையில் கயிறு இல்லை. முளைக்கட்டையில் இருந்தது. இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சும் போட்டிருந்தது. அவருடைய இடது கை தலைக்கு மேலே நின்று சாமிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்த நொடி அவர் தண்ணீரில் கிடந்தார். நல்ல வேளை, அந்த இடத்தில் கழுத்தளவு தண்ணீர்தான். எழுந்து, குடித்த உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, குரு என்றும் பார்க்காமல் கத்தினார்.

"பக்கத்துல வந்தா குறைக்கிறது? நூறு பாகத் தூரத்துக்கு முன்னாடியே குறைக்க வேணாமா? அலை வராதா?"

"குறைச்சேனேண்ணே" என்றார் சாமி. "கையும் தூக்கினேனே."

நம்புசெல்வம் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐந்து விரலும் இருந்தன.

"சாமி... கயித்தைக் கட்டினது நானா?"

"வத்தையில வேற யாரு இருந்தா?"

"கட்டினதே தெரியல சாமி. நீங்க கை தூக்கினீங்க. பதிலுக்குத் தூக்கணுமே. ஒரு கையில சுக்கான், ஒரு கையில கயிறு..."

கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "பாவி, பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கடல்காரன் அழுதால் பார்க்கச் சகிக்காது. சாமி பார்க்கவில்லை. வத்தையை நிமிர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணி பதினொண்ணு ஆகுதுண்ணே" என்றார்.

பஸ் நிற்கிற இடத்தில் சந்தியாகுவும் அவர் மனைவி ஞானப்பூவும் ஒரு தகரப் பெட்டியோடும் இரண்டு சாக்குப் பையோடும் நின்றிருந்தார்கள். சொட்டச் சொட்ட ஓடிவந்த நம்புசெல்வத்தைப் பார்த்து பஸ்ஸுக்கு நின்ற சனம் விலகி வழி விட்டது.

"கயித்தை ஏன்டா கட்டினே?"

"அதான் ஊரே சொல்லுதே" என்றார் சந்தியாகு. "கை தளர்ந்துபோச்சு."

"இப்ப நானும் கட்டினேன்டா. சாமி வத்தையில போனேன். அவரு கை தூக்கினாரு. கட்டிட்டு நானும் தூக்கினேன்."

சந்தியாகு தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"தலையைத் துவட்டு. சளி பிடிக்கும்."

"போகாதடா. கோயில் முன்னாடி ஊரைக் கூட்டிச் சொல்றேன். தப்பு என்னுதுன்னு சொல்றேன்."

"சொல்லு, வேணாங்கல. ஆனா மூணு விரலை வச்சுக்கிட்டு எந்தக் கயித்தைப் பிடிக்க? கரையில உக்காந்து கடலைப் பார்த்துக்கிட்டே இருக்க என்னால ஆகாதுடா. அங்க கடல் கிடையாது. அது ஒரு நிம்மதி."

கோபத்தோடு சொல்லியிருந்தாலாவது தாங்கியிருக்கலாம். சந்தியாகு விலாசம் சொல்கிற மாதிரி சொன்னார்.

ஞானப்பூவுக்குத்தான் பொறுக்கவில்லை. "அண்ணே, நீங்க டீக்கடையில பேசினது அன்னைக்கு சாயங்காலமே வீட்டுக்கு வந்துருச்சு" என்றாள். "அன்னைக்கு ராத்திரி இவரு சாப்பிடல."

"பஸ் வருது, பெட்டியைத் தூக்கு" என்றார் சந்தியாகு.

பெட்டியைத் தூக்கி ஏற்றியது நம்புசெல்வம்தான். பஸ் திருப்பத்தில் மறைந்து, புழுதி அடங்கி, எல்லாரும் போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். துண்டைத் திருப்பிக் கொடுக்க மறந்திருந்தார்.

கொட்டகைக்கு அவர் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. சாமி வத்தையைக் கரையேற்றி, உள்ளே நின்ற தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டான் சாமி."

"ம்."

"அவன் உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தானா?"

"இல்லண்ணே. பாய் பிடிக்கிறவன் கயித்தைக் கட்டினா, கைக்கு வேற வேலை வந்திருக்கணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

நம்புசெல்வம் மணலில் உட்கார்ந்தார்.

"ஊருக்குச் சொல்ல வேணாம். எனக்காவது சொல்லியிருக்கலாமே. ரெண்டு மாசமா எத்தனை தடவை கேட்டேன்! நான் கண்டதையும் பேசினேன், கேட்டுக்கிட்டே கிடந்தான். ஒரு வார்த்தை, உனக்குக் கை காட்டத்தான்டா கட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? ஏன் சாமி சொல்லல?"

சாமி இறைப்பதை நிறுத்தினார்.

"பஸ் கிளம்புறப்ப அவர் கை காட்டினாரா?"

"காட்டினான். சன்னல் வழியா."

"நீங்க?"

நம்புசெல்வம் சந்தியாகுவின் துண்டை மடித்து மடியில் வைத்தார்.

"தூக்கப் பார்த்தேன் சாமி. கை எழும்பல."

"தெரிஞ்சா உங்க கை இப்படி எழும்பாமப் போயிரும்னு பயந்துதான்ணே அவர் சொல்லல" என்றார் சாமி.