முதலாளி வீட்டு இட்லி மாவு

கோயமுத்தூர் கிரைண்டர் கம்பெனியின் இணைய இதழை ஒரு ஈ காக்கைகூடப் படிக்கவில்லை. ஊர் ஊராகப் போய் இட்லி மாவை ஆராய்ந்த அறிக்கையை அப்படியே போட்டு, மேலே முதலாளி தண்டபாணி பொன்னாடையோடு நிற்கும் படத்தையும் ஒட்டியிருந்தார்கள். பின்னே யார் படிப்பார்கள்?

தண்டபாணி, இதழை வடிவமைத்த ரெஜினாவைக் கூப்பிட்டார்.

"அறிக்கையில ஒரு எழுத்தை மாத்தக் கூடாது. சாயங்காலத்துக்குள்ள ஒருத்தராவது முழுசாப் படிச்சிருக்கோணும். இல்லீன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"சரிங்க சார். உங்க குன்னூர் பங்களாவுல இட்லி கல்லாட்டம் இருக்குன்னு உங்க வீட்டு மேடம் சொன்னாங்களே, அதுக்குக் காரணம் இதுல இருக்குதுங்க."

"எங்கே?"

"படிச்சாத்தானுங்களே தெரியும்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். காபி ஆறிப்போனது. கடைசிப் பக்கத்தில் அகப்பட்டது: குளிர் ஊரில் மாவு பொங்க, பாத்திரத்தைக் கதகதப்பான இடத்தில் வைக்க வேண்டும்.

"அட, இருக்குது!"

"ஒருத்தர் முழுசாப் படிச்சாச்சுங்க சார். அவங்கவங்க வீட்டு இட்லின்னா ஊரே படிக்கும். உங்க படத்தை எடுத்துட்டு, 'உங்கள் வீட்டு மாவு ஏன் பொங்கவில்லை?'னு தலைப்பு வைக்கட்டுங்களா?"

தண்டபாணி சரியென்று தலையை ஆட்டினார்.

இப்போது இதழுக்குத் தினமும் கேள்விகள் வந்து குவிகின்றன. பதிலெல்லாம் அதே அறிக்கைதான். ஆசிரியர் மட்டும் புதிது: ரெஜினா.