எதிர்த்தரப்போடு வேலை கேட்கப் போன இசக்கியப்பன்

பாளையங்கோட்டையில் மூன்று சட்டப் பட்டதாரிகள் ஒரே அறையில் குடியிருந்தார்கள். படிப்பில் மூவரும் கெட்டி. புத்தகத்தை மூடினால்தான் தொல்லை.

அவர்களில் இசக்கியப்பனுக்குத் தலைபோகிற அவசரம். செண்பகத்தின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: பெரிய வக்கீல் ஆபீசில் ஜூனியராகச் சேர்ந்தால் ஆவணியில் கல்யாணம், இல்லையென்றால் பெண் மளிகைக்கடைக்காரர் வீட்டுக்கு. பாவம், செண்பகத்தை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்காது.

வக்கீல் வீரபாகு ஆபீசில் ஓர் இடம் காலி. விண்ணப்பம் எப்படி எழுதுவது என்று அந்த ஆபீஸ் குமாஸ்தாவிடம் கேட்டார்கள்.

"ஆதாரம் இல்லாம ஒரு வரி எழுதாதீங்க. எதிர்த்தரப்பு என்ன சொல்லும்னு முதல்லயே யோசிச்சுக்கோங்க" என்றார் அவர்.

அறைக்குத் திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு விவாதம் நடந்தது.

"எதிர்த்தரப்புக்கு எங்கல போறது?" என்றான் இசக்கியப்பன்.

"நான் இருக்கேம்லா" என்றான் உக்கிரபாண்டி. "நண்பன்னு பார்க்க மாட்டேன். கிழிச்சிருவேன்."

"நீ நல்லாருப்பல!" இசக்கியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

'அதிகாலையில் எழுவேன்' என்று விண்ணப்பத்தில் எழுதினார்கள். அதற்குச் சாட்சி பக்கத்து வீட்டுச் சேவல். அதைப் பையில் போட்டுக்கொண்டு நேர்காணலுக்குக் கிளம்பினார்கள்.

ஆபீஸ் வாசலில் மூன்றாமவன் மந்திரமூர்த்தி, கோர்ட் டவாலி மாதிரி இசக்கியப்பன் பெயரை மூன்று தடவை கூவினான். வீரபாகு நிமிர்ந்து பார்ப்பதற்குள் சேவல் மேசைமேல் இருந்தது.

"ஐயா, இந்தச் சாட்சியை நம்பக்கூடாது!" உக்கிரபாண்டி எழுந்தான். "மனுதாரர் கையால தினமும் கம்பு தின்னுது. போதாததுக்கு, இவன் எந்திரிக்கிறது பத்து மணிக்கு!"

"ஆட்சேபிக்கிறேன்!" என்றான் இசக்கியப்பன்.

சேவல் மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டு வழக்குக் கட்டுகளின் மேல் நடந்தது. வீரபாகு தலையில் கைவைத்துக்கொண்டார்.

"உனக்குத்தாம்ப்பா வேலை! திங்கக்கிழமை வா. இப்போ இதைப் பிடிச்சுக்கிட்டு வெளிய போ!"

"தீர்ப்பு எதிர்த்தரப்புக்குப் பாதகமா வந்துட்டு. அப்பீல் போறோம்" என்றான் உக்கிரபாண்டி கம்பீரமாக.

இசக்கியப்பன் முகம் செத்துவிட்டது. அப்பீல் நிலுவையில் இருக்கும்போது வேலையில் சேருவது முறையா? மூவரும் கூடிப் பேசி, முறையில்லை என்று முடிவு செய்தார்கள். திங்கட்கிழமை அவன் போகவில்லை.

"கேஸ் ஜெயிச்சாச்சு மாமா, அப்பீல்தான் பாக்கி" என்று செண்பகத்தின் அப்பாவிடம் போய்ச் சொன்னான்.

"நல்ல வக்கீலா வச்சு சீக்கிரம் முடிக்கப் பாரும். ஆவணி நெருங்குது" என்றார் அவர்.

ஊரில் நல்ல வக்கீல் வீரபாகுதான். மறுநாளே இசக்கியப்பன் அவர் ஆபீசுக்குப் போய், கட்சிக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்தான். எதிரே ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது.

குமாஸ்தா கட்டுகளில் மூழ்கியிருந்தார். யார் வந்திருப்பது என்று தலைதூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

"உட்காருங்க. புது ஜூனியர் வந்துதான் கேஸ் விவரம் எழுதணும். ஆளை இன்னும் காணோம்."

மத்தியானம்வரை காத்திருந்த இசக்கியப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பொறுப்பத்த பய! இவனையெல்லாம் யாருய்யா வேலைக்கு எடுத்தது?" என்றான்.