ஆடும் விகாரை

முன்னொரு காலத்தில், கடலோரத்து வேலம்பதி நாட்டை எழினிக்கோ என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்ன ஆண்டான், ஓரிடத்தில் உட்கார்ந்தால்தானே! சிங்காசனத்தில் ஏறுவான், இறங்குவான், காலையில் போட்ட உத்தரவை மத்தியானம் மாற்றுவான். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கே தலை சுற்றும்.

அந்த ஊர் ஏரிக்கு நடுவில் ஒரு பழைய புத்த விகாரை. ராஜாவின் பாட்டனுக்குப் பாட்டன் கட்டியது. முதலில் தரையில்தான் கட்டினார்களாம்; ஒரு ஐப்பசி வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. இரண்டாம் தடவை, நாற்பது கல்தூணைத் தண்ணீருக்குள் நிறுத்தி, அதன் தலையில் மரக்கூடத்தை ஏற்றினார்கள். ஒரு ஆணி கிடையாது. துளையில் முளையைச் செருகி மரத்தோடு மரத்தைக் கோத்தார்கள், அவ்வளவுதான். அதுமுதல் வெள்ளம் வந்தால் கரையோரக் குப்பத்து ஜனம் மொத்தமும் அங்கேதான் ஏறிக்கொள்ளும். பிக்குகள் இடம் ஒதுக்கிக் கொடுப்பார்கள்.

புரட்டாசி முடிகிற சமயம், ராஜாவுக்கு என்ன தோன்றியதோ, பரிவாரத்தோடு விகாரைக்குப் போனான். காற்று அடித்தது. காலுக்கடியில் கூடம் மெல்ல ஆடியது. ராஜா பயந்துபோய்ப் பக்கத்தில் நின்றவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

கூடவே விச்சியரையன் என்ற மந்திரி இருந்தான். நடந்தால் முழங்கால் மடங்காது, கும்பிட்டால் கழுத்து வளையாது, அப்படி ஒரு மிடுக்கு. தன் புது மாளிகைக்கு அந்தத் தூண்கள் வேண்டுமென்று அவனுக்கு நெடுநாளாக ஒரு கண். இதுதான் சமயமென்று, கட்டடம் ஆட்டம் கண்டுவிட்டது, இன்றைக்கே இடித்தாக வேண்டும் என்று ராஜாவின் காதில் ஓதினான். ராஜாவும் தலையாட்டிவிட்டான். ஒரு நாழிகையில் கயிறும் கடப்பாரையுமாக ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள்.

அவர்களை ஓடத்தில் ஏற்றி வந்தவள் நக்கை, குப்பத்துக்காரி. அவள் மகளுக்கு நிறைமாதம். மழையோ இன்றோ நாளையோ என்று நிற்கிறது. கூடம் போய்விட்டால் பிள்ளைத்தாய்ச்சியை எங்கே கொண்டுபோய் ஏற்றுவாள்? நேரே ராஜா முன்னால் போய் நின்றாள்.

"ஆடறதாலதான் மகாராஜா அது நிக்குது," என்றாள்.

துடுப்புப் போடுகிறவள் சிற்ப சாஸ்திரம் பேச வந்துவிட்டாளே என்று அரையன் ஏளனம் செய்தான். ராஜா ஒரு தாம்பூலத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"இதை நான் மென்று துப்புவதற்குள் நிரூபி. இல்லாவிட்டால் தூண்களில் கயிறு மாட்டி இழுக்கச் சொல்வேன்."

"என் ஓடத்துல நானும் மந்திரி ஐயாவும் நிக்கிறோம். கட்டடம் எப்படி நிக்கணும்னு ஐயா சொல்றாரோ, அப்படியே அசையாம நிக்கட்டும். நான் எனக்குத் தெரிஞ்ச மாதிரி நிக்கிறேன். யாரு விழறாங்கன்னு பாருங்க."

அத்தனை பேர் பார்க்கும்போது அரையன் மாட்டேன் என்பானா? ஏறி, மார்பை நிமிர்த்தி, காலை இறுக்கி நின்றான். கூடத் துடுப்புப் போட வந்திருந்த நக்கையின் புருஷன் விகாரைப் படித்துறையிலிருந்து ஓடத்தை ஒரு ஆட்டு ஆட்டினான். நக்கையின் முழங்கால் மடங்கியது, இடுப்பு சாய்ந்தது, ஆள் நின்றாள். அரையன் வெட்டிய பனைமரம் மாதிரி அப்படியே ஏரிக்குள் விழுந்தான். தலைப்பாகை மட்டும் தனியாக மிதந்து போனது.

ராஜா சிரித்த சிரிப்பில் தாம்பூலம் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. இருமி முடித்து, ஒரு தூணைக்கூடத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டான். தன் கையிலிருந்த கடகத்தைக் கழற்றி நக்கைக்குக் கொடுத்தான். பிறகு சொட்டச் சொட்ட நின்ற அரையனைப் பார்த்தான்.

"இந்த வருஷ வெள்ளத்தில் குப்பத்து ஜனத்துக்குக் கஞ்சி ஊற்றுகிற வேலை உம்முடையது. தண்ணீர் வடிகிறவரை மேலேயே இரும்."

ஐப்பசி வந்தது, வெள்ளமும் வந்தது. இருநூறு பேர் ஏறினார்கள். அந்த நெரிசலுக்கு நடுவில் நக்கையின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தூளி கட்ட இடமில்லை. கூடமே ஆட்டிவிட்டது, குழந்தை தூங்கியது. மூன்றாம் நாள் காற்று கொஞ்சம் ஓய்ந்ததும் குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. அகப்பையும் கையுமாக நின்ற அரையன்தான் முதலில் பதறினான்.

"ஐயோ, ஏன் ஆடவில்லை?"